பழைய பைனாகுலரும் பன்னிரண்டு வயது வாரிசும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



தஞ்சைத் தரணியின் முஸ்லிம் ஊர்களில் பழைய வீடு ஒன்றின் மரப்பெட்டியைத் திறந்தால், கடல் கடந்து வந்த பொருள் ஒன்றேனும் அதனுள் இருக்கும். ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என எவ்வூரை எடுத்துக்கொண்டாலும், ஆற்றுப் பாசனம் பாதி, அக்கரைச் சம்பாத்தியம் பாதி என்றே நம் முன்னோரின் வாழ்வு நடந்தது. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்தும் கணக்கு எழுதியும் பொருளீட்டித் திரும்பிய சபுராளிகள், கைலியும் கோடாலித் தைலமும் பீங்கான் கோப்பையும் சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்தார்கள். வசதி கூடியவர்கள் டிரான்சிஸ்டர் வானொலி கொண்டுவந்தார்கள். அபூர்வமாகச் சிலர், பைனாகுலர் எனப்படும் இருகண் தொலைநோக்கியைக் கொண்டுவந்தார்கள்.

அத்தகைய பைனாகுலர் ஒன்று சென்ற ஆண்டு நம்மிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. மதரஸா ஆசிரியப் பணியோடு மஹல்லாவின் பிறை பார்க்கும் குழுவிலும் பல ஆண்டுகளாக நாம் இருந்துவருவதால், இத்தகைய கருவிகளைக் கையாண்ட பழக்கம் ஓரளவு நமக்கு உண்டு. ஆயினும் வந்த வழக்கு கருவியைப் பற்றியது மட்டுமன்று.

பாபநாசம் வட்டாரத்து ஊர் ஒன்றில் ஒருவர் வஃபாத்தாகியிருந்தார். அல்லாஹ் அவருக்கு மறுமையில் உயர்ந்த இடத்தை அருள்வானாக. அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் ஆகிய நால்வரே வாரிசுகள். மூத்த மகள் திருமணமாகிச் சென்றவர். இளைய மகளுக்கு வயது பன்னிரண்டு. அடக்கச் செலவும் கடனும் தீர்க்கப்பட்டு, நிலமும் வீடும் பேசி முடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியது ஒரு தோல் பெட்டி. அதனுள் ஒரு பைனாகுலர். மர்ஹூமின் தந்தையார் 1960களில் பினாங்கிலிருந்து வாங்கிவந்து, தம் வாழ்நாளிலேயே மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அது. பல ஆண்டுகள் அவர்கள் வீட்டு மாடியிலிருந்து பிறை பார்க்கப் பயன்பட்டதாம்.

நிலத்தில் எழாத பேச்சு இப்பொருளில் எழுந்துவிட்டது. மகனின் நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது உலகப் போரில் ஜப்பான் கடற்படை வைத்திருந்த சாமான், லட்சக்கணக்கில் போகும்" என்று சொல்லிவிட்டார். அச்சொல் மூத்த மகளின் புகுந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தம்பி பொருளை மறைத்து வைத்துக்கொள்கிறாரோ என்ற ஐயம் அங்கே முளைத்தது. அத்தாவின் நினைவாகப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடவே எண்ணியிருந்த அத்தம்பிக்கோ அது பெரும் மனவருத்தமாயிற்று. "ஹஜ்ரத், இது என்ன பெறும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் இருவரும் ஏற்றுக்கொள்வோம்" என்று பெட்டியை நம் மேசைமீது வைத்தார்.

இரு தரப்பும் ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட ஒப்புக்கொள்ளும்போது அச்சொல் அமானிதமாகிவிடுகிறது. கூட்டிச் சொன்னாலும் ஒருவர் பாதிக்கப்படுவார். குறைத்துச் சொன்னாலும் ஒருவர் பாதிக்கப்படுவார். ஆகவே இயன்றவரை முறையாக ஆராய்ந்தோம். அம்முறையை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், இத்தகைய பொருள்கள் நம் வீடுகளில் இன்னும் பல இருக்கின்றன என்பதே.

முதற்கேள்வி: இது போர்க்காலத்துப் பொருளா?

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியத் தொழிற்சாலைகள் தம் படைகளுக்காகத் தொலைநோக்கிகளைச் செய்தது உண்மை. 1917இல் தொடங்கப்பட்டு இன்று நிக்கான் என்று அறியப்படும் நிப்போன் கோகாகு நிறுவனமும் அவற்றுள் ஒன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, 1945இல் போர் முடியும்வரை நீடித்த அந்நாள்களை நம் பாட்டன்மார் 'ஜப்பான்காரன் காலம்' என்று அச்சத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத தமிழர் கணக்கற்றோர். அக்காலத்து நினைவும் ஜப்பான் என்ற பெயரும் சேர்ந்தே, எந்த ஜப்பானியக் கருவியைக் கண்டாலும் படைக்கலன் என்று எண்ணத் தூண்டுகின்றன.

போர் முடிந்ததும் நிலைமை மாறியது. ஆயுதத் தொழில் நின்றுபோக, வில்லைகளைத் தேய்க்கத் தெரிந்த கைகள் வாழ்வாதாரத்துக்கு வேறு வழி தேடின. தோக்கியோவின் இதாபாஷி பகுதியில் சிறு சிறு பட்டறைகள் பெருகின. ஒருவர் வில்லை தேய்ப்பார், ஒருவர் உடற்பகுதி வார்ப்பார், மற்றொருவர் பொருத்துவார். ஏற்றுமதியே நோக்கம். அமெரிக்கப் படைகளின் ஆதிக்கத்தில் இருந்த காலத்துப் பொருள்களில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது' என்று ஆங்கிலத்தில் பொறித்தார்கள். 1952 ஏப்ரலோடு அவ்வாதிக்கம் முடிந்தது. மலிவுப் பொருள் என்ற பெயரைப் போக்கவேண்டி 1957இல் ஏற்றுமதிப் பரிசோதனைச் சட்டம் கொண்டுவந்தார்கள். சோதனையில் தேறியவற்றில் சிறு நீள்வட்டச் சீட்டை ஒட்டினார்கள். செய்த பட்டறையைக் குறிக்க ஜே.பி. என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணும், ஏற்றுமதி செய்தவரைக் குறிக்க ஜே.இ. என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணும் சிறிதாகப் பொறிக்கும் வழக்கமும் வந்தது. மேலே பெரிதாக எழுதியிருக்கும் பெயர் பெரும்பாலும் வாங்கி விற்ற வணிகர் வைத்த பெயர். உண்மைப் பிறப்பிடத்தைச் சொல்வது அடியிலுள்ள சிற்றெண்ணே.

நம்மிடம் வந்த கருவியைப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். 'ஜப்பான்' என்று மட்டும் இருந்தது. 'ஆக்கிரமிக்கப்பட்ட' என்ற சொல் இல்லை. கீல் அருகே ஜே.பி. முத்திரை தெளிவாக இருந்தது. முன்வில்லைச் சட்டத்தின்மேல் பசைத் தடம் மட்டும் நீள்வட்டமாக எஞ்சியிருந்தது. இரு குழல்களையும் சேர்த்துக் குவியம் திருப்பும் சக்கரம் நடுவில் இருந்தது. கடற்படைக் கருவிகளிலோ பெரும்பாலும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே திருப்பும் அமைப்பே இருக்கும். அளவெடுக்கும் கோடுகளும் உள்ளே இல்லை. எல்லாம் சேர்ந்து ஒன்றையே சொல்லின: போருக்குப் பின், பெரும்பாலும் 1960களில், பொதுமக்களுக்காகச் செய்து ஏற்றுமதியான நல்ல, சாதாரணமான கருவி இது. மர்ஹூமின் தந்தையார் பினாங்கில் வாங்கிய காலத்தோடும் இது பொருந்தியது. லட்சம் என்ற பேச்சு அத்துடன் முடிந்தது.

இரண்டாம் கேள்வி: இதன் நிலை என்ன?

நம் பகுதிக்கு இச்சோதனை புதிதன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எப்படிப் பார்க்கிறார்கள்? குத்தூசியால் மூட்டையின் வயிற்றிலிருந்து நெல்லை எடுக்கிறார்கள். கருக்காய் எவ்வளவு, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மூட்டை வாயில் மணியாக இருக்கும் நெல்லை மட்டும் பார்த்து எவரும் விலை பேசுவதில்லை.

இதனைத்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் செய்து காட்டினார்கள். தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் சொன்னார். அப்படியானால் மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்துப்பட எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்நிகழ்ச்சியைக் குறுவை அறுவடையின்போது மழையில் நனைந்த நெல்லைக் கண்ட நம் மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லவே தேவையில்லை. அவர்களே நமக்கு விளக்குவார்கள். விற்கும் பொருளின் குறையைச் சொல்வது விற்பவரின் கடமை. சொல்லாத குறை பின்னர் வெளிப்பட்டால் வாங்கியவருக்குத் திருப்பித்தரும் உரிமை உண்டு என்று ஃபிக்ஹு நூல்கள் சட்டமாகவே வகுத்துள்ளன.

பைனாகுலரின் 'ஈரம்' எங்கே இருக்கும்? முதலில் திருகாணிகளைப் பார்த்தோம். அவற்றின் வெட்டுகள் சிதைந்திருந்தால், தெரியாதவர் எவரோ திறந்திருக்கிறார் என்று பொருள். இங்கே அவை புதிது போல் இருந்தன. கீலை விரித்துப் பார்த்தோம், தளர்ச்சி இல்லை. நடுச் சக்கரம் மட்டும் இறுகியிருந்தது. அறுபது ஆண்டுப் பசை மெழுகாகிப்போனதே காரணம்; அது தீராக் குறையன்று.

அடுத்து, முன்வில்லையில் படும் விளக்கொளியின் நிறம். வெண்மையாகத் திரும்பினால் வில்லை வெறும் கண்ணாடி. நீலமாகவோ இளம் ஊதாவாகவோ திரும்பினால் அதன்மேல் மக்னீசியம் ஃபுளோரைடு பூச்சு இருக்கிறது. அப்பூச்சு கண்ணாடியில் பட்டுச் சிதறி வீணாகும் ஒளியைக் குறைத்து உள்ளே செலுத்துகிறது. இக்கருவியில் நீலம் தெரிந்தது. கருவியை ஒரு முழத் தொலைவில் பிடித்து வானத்தை நோக்கினால் கண்வில்லைகளில் இரு சிறு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருந்தால் உள்ளிருக்கும் பட்டகங்கள் பேரியம் சேர்ந்த உயர்ந்த ரகம். ஓரங்கள் சதுரமாக மங்கினால் சற்றுக் கீழான ரகம். இங்கே ஓரங்கள் சற்று மங்கின. அதனையும் குறித்துக்கொண்டோம்.

பிறகு பின்புறத்திலிருந்து கைவிளக்கைச் சாய்வாகப் பாய்ச்சி முன்புறத்திலிருந்து பார்த்தோம். இடது குழல் தெளிவு. வலது குழலில் சிலந்தி இழை போன்ற மெல்லிய கிளைகள் படர்ந்திருந்தன. பூஞ்சணம். காவிரிக் கரையின் காற்றில் ஐப்பசி கார்த்திகை ஈரத்தோடு தோல் பெட்டிக்குள் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தால் வேறென்ன நேரும்? கருவியைக் காக்கச் செய்த பெட்டியே இங்கு ஈரத்தைப் பிடித்துவைத்துக் கருவியைக் கெடுத்துவிட்டது.

இறுதியாக, இரு குழல்களும் ஒரே திசையை நோக்குகின்றனவா என்பது. தொலைவிலுள்ள மின்கம்பியையோ கைப்பிடிச் சுவரின் விளிம்பையோ நோக்கிவிட்டு, கருவியைக் கண்ணிலிருந்து மெல்லச் சில அங்குலம் பின்னுக்கு நகர்த்தவேண்டும். இரு வட்டங்களிலும் கோடு ஒரே மட்டத்தில் இருந்தால் சரி. ஒன்றில் மேலும் மற்றொன்றில் கீழுமாகப் போனால் பட்டகம் நகர்ந்திருக்கிறது. கண்கள் சிறிது நேரம் அக்குறையை ஈடுகட்டிக்கொள்ளும். பின்னர் தலைவலியாக அது வெளிப்படும். நாம் பள்ளிவாசல் மினாராவின் விளிம்பைப் பார்த்துச் சோதித்தோம். மிகச் சிறிய பிசகு இருந்தது.

பார்வையைப் பற்றி எழுதும்போது இப்னுல் ஹைஸம் அவர்களை நினையாதிருக்க இயலவில்லை. பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அவ்வறிஞர், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என்று தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவினார். ஒளியியலில் ஐரோப்பா பல நூற்றாண்டுகள் பாடம் கேட்டது அந்நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பிடம். சொல்லியவர் எவ்வளவு பெரியவராயினும் சோதித்தபின் ஏற்பதே அவர் கடைப்பிடித்த முறை. நண்பர் சொன்ன லட்சத்தையும் நாம் சோதித்தபின்னரே தள்ளினோம்.

மூன்றாம் கேள்வி: விலை என்ன?

தஞ்சாவூரில் பல ஆண்டுகளாகக் கேமரா பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கருவியைக் காட்டினோம். திருச்சியில் பழம்பொருள் வாங்கி விற்கும் வணிகர் ஒருவரிடம், முதியவர் சொன்னதைச் சொல்லாமலேயே, தனியாக விசாரித்தோம். நல்ல நிலையிலுள்ள இதே வகை 4,000 ரூபாய் பெறும் என்பதில் இருவரும் ஏறத்தாழ ஒத்தார்கள். பூஞ்சணம் அகற்றி, பட்டகத்தைச் சீர்செய்து, பசை மாற்ற 800 ரூபாய் ஆகும் என்றார் முதியவர். "பூஞ்சணம் போய்விடும். ஆனால் அது தின்ற பூச்சு திரும்பாது, லேசாகத் தடம் இருக்கும்" என்றும் மறைக்காமல் சொன்னார். ஆக, உள்ள நிலையில் மதிப்பு 3,200 ரூபாய்.

அத்தொகையை எழுதிக் கையொப்பமிட்டு இரு தரப்புக்கும் கொடுத்தோம். மூத்த மகள் தொலைபேசியில் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "லட்சத்துக்காக நான் கேட்கவில்லை, ஹஜ்ரத். எனக்குச் சொல்லாமல் செய்துவிடுவார்களோ என்றுதான் வருந்தினேன்" என்றார். உண்மையான சிக்கல் அதுவாகவே இருந்தது. பெண்மக்களின் பங்கு பேசப்படாமலேயே கரைந்துபோவதை நம் ஊர்களில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! நகையும் சீரும் கொடுத்தாயிற்றே என்று சொல்லி அதனை மூடிவிடுகிறார்கள். திருமணத்தில் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமை அல்லாஹ் விதித்த பங்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கணக்கு எளியது. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. முழுமையை 32 கூறாக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஏழேழு. 3,200 ரூபாயில் அவை முறையே 400, 1,400, 700, 700 ரூபாய்.

தாயாரும் மகனும் மூத்த மகளும் தத்தம் பங்கைப் பள்ளிவாசலுக்கே விட்டுக்கொடுக்க மனமுவந்து இசைந்தார்கள். அத்துடன் எல்லாம் முடிந்தது என்றே அனைவரும் எண்ணினர். இளைய மகளின் பங்கை அப்போது நினைவூட்டினோம்.

"எழுநூறு ரூபாய்க்கும் எழுத்தா, ஹஜ்ரத்? நன்மையான காரியம்தானே?" என்றார் அத்தம்பி. அவர் கேட்டதில் பேராசை ஏதுமில்லை. தர்மம் செய்யும் ஆர்வமே அவரை அவ்வாறு கேட்கவைத்தது. ஆயினும் சூரா அந்நிஸாவின் ஏழாம் வசனம், பெற்றோரும் உறவினரும் விட்டுச்சென்றதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு என்று சொல்லி, அது குறைவாயினும் அதிகமாயினும் சரியே என்று சேர்த்துச் சொல்கிறது. அதே அத்தியாயத்தின் பத்தாம் வசனம் அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்போரை நெருப்பைக் கொண்டு எச்சரிக்கிறது. பருவமடையாத பிள்ளையின் பொருளை அன்பளிப்பாகவோ தர்மமாகவோ கொடுத்துவிட எவருக்கும், தாய்க்கும் அண்ணனுக்கும்கூட, உரிமையில்லை. பிள்ளையே இசைந்தாலும் அவ்விசைவு செல்லாது. உரிய விலையை அப்பிள்ளைக்குச் சேர்த்துவிட்டுப் பங்கை வாங்கிக்கொள்வது ஒன்றே வழி.

அருகில் நின்ற அச்சிறுமி, "எனக்குக் காசு வேண்டாம். பிறை பார்க்கும்போது என்னையும் கூப்பிட்டால் போதும்" என்றாள். "கூப்பிடுவோம், அம்மா. அதற்கு நீ ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் இந்தக் காசு உன் அத்தா உனக்கு விட்டுச்சென்றது. வேண்டாம் என்று சொல்லும் வயது உனக்கு இன்னும் வரவில்லை. வந்தபிறகு நீயே முடிவு செய்" என்றோம். ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் அண்ணன் 700 ரூபாயைக் கொடுத்துத் தங்கையின் பங்கை வாங்கிக்கொண்டார். மறுநாள் அத்தொகை அஞ்சலகத்தில் அவள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் ஏறியது. அதன்பின்னரே பைனாகுலர் பள்ளிவாசலுக்கு வந்தது. பழுதுபார்க்கும் செலவை மூத்த மகள் ஏற்றுக்கொண்டார்.

பள்ளிவாசல் பதிவேட்டில் நன்கொடையாளர் பெயரோடு கருவியின் குறைகளையும் எழுதிவைத்தோம்: வலது குழலில் பூஞ்சணத் தடம், பட்டகம் சாதாரண ரகம். தர்மமாக வந்த பொருளுக்குக் குறை எழுதுவதா என்று ஒருவர் கேட்டார். நாளை வேறொருவர் இதனைப் பயன்படுத்திவிட்டுப் பிறை தெரியவில்லை என்று சொல்லும்போது, அவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும் அல்லவா?

இனி, பிறை பார்ப்பதற்கு இது எவ்வளவு உதவும் என்பதையும் சொல்லவேண்டும். கருவியின்மேல் 7×50 என்று பொறித்திருக்கிறது. பொருளை ஏழு மடங்கு நெருக்கிக் காட்டும். முன்வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டர். பார்வைப் பரப்பு 7.1 பாகை. முழுநிலவின் அகலம் வானில் ஏறத்தாழ அரைப் பாகையே. ஆகவே பதினான்கு நிலவுகளை வரிசையாக வைக்கும் அகலத்தை ஒரே பார்வையில் காணலாம். பிறையைத் தேடுவதற்கு இப்பரப்பே பெரிதும் வேண்டும். கூடுதல் உருப்பெருக்கம் கையை நடுங்கச் செய்து தேடும் இடத்தைச் சுருக்கிவிடும். ஐம்பதை ஏழால் வகுத்தால் வரும் ஏழு மில்லிமீட்டர், கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம். இளையோரின் கண்பாவை இருளில் அவ்வளவு விரியும். நம்மைப் போல் நாற்பதைக் கடந்தோர்க்கு அவ்வளவு விரிவதில்லை. ஆகவே பிறைக் குழுவில் முதியோரை மட்டும் நிறுத்தாமல், கூர்ந்த கண்ணும் வாய்மையும் உள்ள இளைஞர்களையும் சேர்த்துக்கொள்வது நலம்.

கடுமையாகச் சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. சூரியன் முழுவதும் மறைவதற்கு முன் பைனாகுலரை மேற்கே திருப்பக்கூடாது. ஐம்பது மில்லிமீட்டர் வில்லை குவிக்கும் வெயில் ஒரு நொடியில் விழித்திரையைச் சுட்டுவிடும். சுடும்போது வலிகூடத் தெரியாது. சிறுவர் கையில் கொடுப்போர் இதனை மறக்கலாகாது.

மற்றொன்று: வெளிச்சம் இருக்கும்போதே, சூரியனுக்கு எதிர்த் திசையில் உள்ள தொலைதூர நீர்த்தொட்டியையோ மினாராவையோ பார்த்துக் குவியத்தைச் சரிசெய்துவிடவேண்டும். அந்திவானம் வெறுமையானது, அதில் குவியம் சரியா தவறா என்று அறிய இயலாது. குவியம் தவறினால் பிறை கண்முன் இருந்தும் கரைந்துபோகும். முழங்கையைச் சுவர்மேல் ஊன்றி, அடிவானத்துக்கு இணையாக மெதுவாகத் துழாவவேண்டும். நம் அட்சரேகையில் மாசி, பங்குனி மாதங்களில் இளம்பிறை தோணி போல மல்லாந்து கிடக்கும்; செங்குத்தான வளைவைத் தேடினால் தவறவிடுவோம்.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே வானில் ஏறத்தாழ ஏழு பாகைக்குக் குறைவான விலக்கமே இருந்தால் பிறை கண்ணுக்குப் புலனாவதில்லை என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் 1930களில் கண்டறிந்தார். அத்தகைய மாலையில் ஒருவர் பிறை கண்டதாகச் சொன்னால், அவரைப் பொய்யர் என்று சொல்லாமல், மேகக் கீற்றையோ விமானப் புகையையோ கண்டிருக்கலாம் என்று நயமாக மறுபடி விசாரிப்பது அழகு.

கருவியால் காண்பது பார்வையாகக் கொள்ளப்படுமா என்ற கேள்வியும் வருவதுண்டு. இல்லாத பிறையைக் கருவி உண்டாக்குவதில்லை, இருப்பதைத் தெளிவாக்குகிறது என்ற காரணத்தால் அறிஞர் பலர் அதனை ஏற்கின்றனர். வெறுங்கண் பார்வையே வேண்டும் என்போரும் உளர். கருவியால் இடத்தைக் கண்டுகொண்டு, பிறகு அதே இடத்தை வெறுங்கண்ணால் நோக்குவதே நம் குழுவின் வழக்கம். அறிவிப்பு ஜமாஅத்தும் காஜியும் செய்யவேண்டியது. மேகம் மறைத்தால் முப்பதைப் பூர்த்தியாக்கும் எளிய வழியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிச் சென்றுள்ளார்கள். கருவி இல்லாத ஊரின் நோன்புக்கு எக்குறையும் இல்லை.

பழுது நீங்கி வந்தபின் வந்த ஷஅபான் 29ஆம் நாள், அறுவடை முடிந்த வயல்களின் மேற்கே பிறையைத் தேடினோம். சொன்னபடி அச்சிறுமியையும் அவள் தாயாரோடு அழைத்திருந்தோம். வலது குழலில் தடம் இருந்த போதிலும், தென்னை மட்டைகளுக்கு ஒரு விரற்கடை மேலே வெள்ளிக் கீற்றுத் தெரிந்தது. அடுத்த சில நிமிடங்களில் வெறுங்கண்ணாலும் பலர் கண்டார்கள். அண்ணனும், ஊருக்கு வந்திருந்த அக்காளும் அன்று ஒரே வரப்பில் நின்று துஆ ஓதினார்கள்.

சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அதிலுள்ள கருவியை ஆண்டுக்கு இருமுறையேனும் வெளியே எடுத்துக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தோல் பெட்டிக்குப் பதிலாக, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் இட்ட மூடிய டப்பாவில் பாதுகாத்திடுங்கள். வில்லையை முந்தானையாலோ கைலி நுனியாலோ துடைக்காதீர்கள். தூசியை ஊதுபந்தால் அகற்றிய பின்னரே மென்துணியால் தொடுங்கள். தெரியாமல் திருகாணியைக் கழற்றாதீர்கள். உரியவர் மறைந்துவிட்டால், நிலத்துக்கும் வீட்டுக்கும் எழுதும் பட்டியலிலேயே அதனையும் எழுதுங்கள். விலையைக் கேள்விப்பட்டதிலிருந்து எழுதாமல், அறிந்த இருவரிடம் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். பட்டியலை வீட்டின் பெண்மக்களுக்கும் படித்துக் காட்டுங்கள். சிறுபிள்ளை ஒன்று இருக்குமானால், அதன் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டுப் பிறகு தர்மத்தைப் பேசுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் அளவைகளையும் எங்கள் சொற்களையும் நேராக்குவாயாக. எங்கள் மர்ஹூம்கள் விட்டுச்சென்றவை எங்களுக்குள் பிளவை உண்டாக்காமல் காப்பாயாக. ஒவ்வொரு பிறையையும் அமைதியோடும் ஈமானோடும் எங்கள்மீது உதிக்கச் செய்வாயாக. ஆமீன்.